திரும்பும் மனமும் திரும்பாத காலமும்

வில்லினின்று விடுபட்ட அம்பு மீள்வதில்லை. வாயினின்று வெளிப்பட்ட சொல்லும் மீள்வதில்லை. செய்து முடித்த செயலின் நிலையும் அதுவே. காலம் ஒரு திசையிலேயே ஓடுகிறது. அவ்வாறிருக்க, ‘இன்றுமுதல் நான் புதிய மனிதன்’ என்று ஒருவன் கூறுவதற்குப் பொருள்தான் என்ன? நேற்றுக் களவாடியவன் இன்று முழந்தாளிட்டுக் கண்ணீர் வடிப்பதனால் நேற்றைய களவு இல்லாமற் போய்விடுமா? பொருளைப் பறிகொடுத்தவனின் பெட்டி அக்கண்ணீரால் நிறைந்துவிடுமா?

கிறித்தவ சமயம் மனந்திரும்புதலைத் தன் வாயிற்படியாகவே வைத்துள்ளது. யோர்தான் ஆற்றங்கரையில் யோவான் விடுத்த அழைப்பும், கலிலேயாவில் இயேசு பெருமான் விடுத்த முதல் அழைப்பும் அதுவே என மத்தேயு எழுதிய நற்செய்தி காட்டுகிறது. ஆகவே மேற்கண்ட வினா அச்சமயத்தின் ஓரத்தில் நிற்பதன்று; நடுவில் நிற்பது. எனினும் அது கிறித்தவர்க்கு மட்டுமே உரிய வினாவும் அன்று. தவறு செய்தபின்னும் வாழ வேண்டியிருக்கின்ற எல்லார்க்கும் உரிய வினா அது.

தமிழ் மரபும் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறது. கழுவாய் என்னும் சொல் சங்கப் பாடலிலேயே இடம்பெற்றுள்ளது. பெருந்தீமைகளுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவனுக்கு மட்டுமே அஃது இல்லை என்னும் கருத்தைப் புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் எடுத்துரைக்கிறார். வள்ளுவரோ வினைத்தூய்மை அதிகாரத்தில், பின்னர் எண்ணி இரங்கத்தக்க செயல்களைச் செய்யவே கூடாது என்று சொல்லி, ஒருவேளை செய்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விடை தருகிறார். அவ்விடையில்தான் உரையாசிரியர்கள் பிரிகின்றனர். அத்தகைய செயலை மீண்டும் செய்யாமை நன்று என்பது ஒரு சாரார் கொள்ளும் பொருள். செய்தபின் அமர்ந்து அதனையே எண்ணி இரங்கிக் கொண்டிராமை நன்று என்பது பரிமேலழகர் கொள்ளும் பொருள். தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறுவதற்குரிய உரைவேறுபாடு என்று மாணவர் இதனைக் கடந்து சென்றுவிடலாம். ஆனால் மனந்திரும்புதலைப் பற்றிய வழக்கு முழுவதும் அவ்வேறுபாட்டிற்குள் அடங்கியிருக்கிறது. தவறியவனுக்கு முதலில் வேண்டுவது எது? மீண்டும் தவறாமையா? இரக்கத்தில் மூழ்கிப் போகாமையா?

மூழ்கிப் போனவர்க்குச் சான்று வேண்டுவோர் மதுரைக்குச் செல்லலாம். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்த அந்தக் கணத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தவற்றை முழுமையாக உணர்கிறான். அவன் சாக்குச் சொல்லவில்லை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டதையும் தன் குற்றமாகவே கொள்கிறான். அரியணையிலேயே உயிர் துறக்கிறான். வளைந்த கோலை அவன் உயிர் நிமிர்த்திவிட்டது என்று சேரன் செங்குட்டுவன் பின்னர்ப் பாராட்டுவதாக இளங்கோவடிகள் பாடுகிறார். பாராட்டுக்குரியதே. ஆயினும் அவன் இறந்த பின்னரும் கண்ணகியின் துயர் தீரவில்லை, மதுரை எரிந்தது. பாண்டியனின் உணர்வு உயர்ந்தது, உண்மையானது. ஆனால் அதற்கு மறுநாள் இல்லை. மறுநாள் விழித்தெழுந்து, தான் தீங்கிழைத்தவர்களின் முகத்தில் விழிக்க வேண்டியவன் என்ன செய்வான் என்பதற்கு அவன் கதையில் விடை கிடைப்பதில்லை.

விவிலியத்திலும் இப்படி ஒருவன் உண்டு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு தன் தவற்றை உணர்ந்தான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்ததாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டான். பெற்ற முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். புறத்தே நோக்கினால், உணர்தல், அறிக்கையிடல், திருப்பித் தருதல் என எல்லாம் நிறைவேறின. ஆயினும் அவன் நான்றுகொண்டு மாண்டான். அதே இரவில் தன் ஆசிரியரை மூன்று முறை மறுதலித்த பேதுருவோ வெளியே சென்று அழுததன்றி வேறொன்றும் செய்யவில்லை. பின்னர் அவரே திருச்சபையின் தூணானார். இதனை மேம்போக்காகப் படிப்பவர்க்கு இஃது அநீதியாகவே தோன்றும். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம் இவ்விடத்தில் உதவுகிறது. யூதாசின் உணர்வைச் சொல்லுமிடத்து, மனந்திரும்புதலுக்கு வழக்கமாக ஆளும் வினைச்சொல்லை அது ஆளவில்லை. வருந்துதல் என்னும் பொருளுடைய வேறொரு வினையை ஆளுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் இவ்வேறுபாட்டைக் காத்து, அவ்விடத்தில் ‘மனஸ்தாபப்பட்டு’ என்று எழுதுகிறது. வருத்தம் கடந்ததை நோக்கி நிற்பது. திரும்புதல் ஒருவரை நோக்கிச் செல்வது. யூதாசு திரும்பிச் சென்ற இடம், ‘அதனால் எங்களுக்கென்ன’ என்று கைவிரித்த ஆசாரியர்களிடம். பேதுருவுக்கோ திபேரியாக் கடற்கரையில், மூன்று மறுதலிப்புக்கு ஈடாக மூன்று வினாக்களோடு ஒருவர் காத்திருந்தார் என்கிறது யோவான் நற்செய்தி. அங்கே பேதுருவிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. அன்பு உண்டா என்றுதான் கேட்கப்பட்டது. உடனே வேலையும் கொடுக்கப்பட்டது.

சொற்களைச் சற்று நின்று நோக்குவது பயன் தரும். எபிரேய மறையில் இக்கருத்துக்கு வழங்கும் சொல், வழிதவறியவன் வந்த வழியே திரும்புதல் என்னும் எளிய பொருளுடையது. கிரேக்கச் சொல் எண்ணம் மாறுதலைக் குறிப்பது. ஒன்றில் கால் திரும்புகிறது. மற்றொன்றில் மனம் மாறுகிறது. ‘மனந்திரும்புதல்’ என்னும் தமிழ்த் தொடர் இரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொண்டது. மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நிறைவாக அமையும் அரிய இடங்களுள் இஃது ஒன்று எனலாம். கத்தோலிக்கத் தமிழர் முன்னர்ப் ‘பாவசங்கீர்த்தனம்’ என்று வழங்கியதை இன்று ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்கின்றனர். தமிழாசிரியர்க்கு அச்சொல்லைக் கேட்டதும் குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் நினைவுக்கு வரும். அங்கே அஃது ஊரார்க்கு உதவி வாழும் கடப்பாட்டைக் குறிப்பது. இங்கே முறிந்த உறவு பொருந்துவதைக் குறிப்பது. பொருள் வேறாயினும் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன: அடுத்தவனை விலக்கிவிட்டு ஒப்புரவு என்பது இல்லை.

அடுத்தவன் என்ற இந்தச் சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. தீமைக்கு ஆளானவன் ஒருவன், மன்னிப்பவர் இறைவன். ஆளானவனைக் கேளாமல் இறைவன் மன்னித்துவிடுவது எவ்வாறு பொருந்தும்? இவ்வினாவை அறநூல்களில் மட்டும் ஆராய்வதினும், ஒரு மனிதனின் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்பது நன்று. உலகமெங்கும் கிறித்தவர் பாடுகின்ற ‘வியத்தகு அருள்’ என்னும் பொருள்படத் தொடங்கும் ஆங்கிலப் பாடலை இயற்றிய ஜான் நியூட்டனின் வாழ்க்கை அதற்கு ஏற்றது. 1773ஆம் ஆண்டின் முதல் நாள் வழிபாட்டிற்கென அவர் இயற்றிய பாடல் அது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் டிசம்பர் 31 இரவில் தமிழ்த் திருச்சபைகளில் கூடி, புதிய ஆண்டைப் புதிய உள்ளத்தோடு தொடங்க வேண்டுகின்ற மக்கள், அப்பாடலை இயற்றியவரின் கதையை முழுமையாக அறிந்திருப்பது தேவை. ஏனெனில் அக்கதை பெரும்பாலும் பாதியளவிலேயே சொல்லப்படுகிறது.

நியூட்டன் 1725இல் இலண்டனில் பிறந்தார். தந்தை கப்பல் தலைவர். பக்தி மிகுந்த தாய், மகனுக்கு ஏழு வயது நிறைவதற்குள் மறைந்தார். இளமையில் கடலோடியாகி, 1744இல் அரசுக் கடற்படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, தப்பியோட முயன்று கசையடி பட்டார். பின்னர் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஓர் அடிமை வணிகனிடம் சிக்கி, தாமே அடிமைபோல் பசியும் நோயுமாய்க் கிடந்தார். இறைநம்பிக்கையைத் துறந்ததோடு, பிறர் நம்பிக்கையைக் கெடுப்பதில் இன்பமும் கண்டவர் அவர். 1748 மார்ச் மாதம் ‘கிரேஹவுண்ட்’ என்னும் கப்பலில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கையில் பெரும்புயல் தாக்கியது. கத்தியொன்றை எடுத்துவர அவர் திரும்பிய வேளையில், அவருக்குப் பதிலாக மேல்தளத்திற்கு ஏறிய ஒருவனை அலை அடித்துச் சென்றது. நீரை இறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இறைவனின் இரக்கத்தை வேண்டும் சொல் ஒன்று நினையாமலே அவர் வாயில் வந்தது. அச்சொல் அவரையே திடுக்கிடச் செய்தது. கப்பல் மூழ்கவில்லை, நான்கு வாரங்களுக்குப் பின் அயர்லாந்துக் கரையை அடைந்தது. அந்த மார்ச் நாளை அவர் வாழ்நாள் முழுவதும் நோன்பு நாளாகக் கொண்டார்.

மேடைகளில் சொல்லப்படும் கதை பெரும்பாலும் இங்கே முடிந்து, அடுத்த மூச்சில் அவர் அடிமை வணிகத்தை வெறுத்துத் துறவியைப்போல் விலகிவிட்டார் என்று நிறைவுறும். நடந்தது அதுவன்று. அதே 1748இல் அவர் ஓர் அடிமைக் கப்பலில் துணைத்தலைவராகச் சேர்ந்தார். 1750 முதல் 1754 வரை தாமே கப்பல் தலைவராக மூன்று பயணங்கள் மேற்கொண்டார். அவற்றில் ஒன்று ‘டியூக் ஆஃப் ஆர்கைல்’. மற்ற இரண்டும் ‘ஆப்பிரிக்கன்’ என்னும் கப்பலில். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். மேல்தளத்தில் வழிபாடு, கீழ்த்தளத்தில் விலங்கிடப்பட்ட மனிதர். கிளர்ச்சி செய்யத் திட்டமிட்டனர் என்னும் ஐயத்தின்பேரில் சிறுவர் சிலரின் விரல்களை நசுக்கும் கருவியில் இட்டு உண்மையை வரவழைத்ததையும் அவரது கப்பற் குறிப்பேடு பதிவு செய்துள்ளது. அக்குறிப்பேட்டில் இறந்த அடிமைகளுக்குப் பெயர் இல்லை, எண்கள் உள்ளன. 1754இல் அவர் கடற்பணியை விட்டதும் மனச்சான்று குத்தியதால் அன்று. உடல்நலம் திடீரெனக் குன்றியதால்தான்.

இவரை நடிகர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நடிகர் தம் குற்றத்தை மறைப்பார்; நியூட்டன் மறைக்கவில்லை. குற்றம் என்பது அவருக்குத் தெரியவேயில்லை. 1764இல் வெளிவந்த தன்வரலாற்றில், அத்தொழிலில் இருந்தபோது அதன் நேர்மையைப் பற்றித் தமக்கு ஐயம் எழவில்லை என்றும், இறைவன் தமக்கு வகுத்த பிழைப்பென்றே கருதியதாகவும், சிறைக்காவலனின் வேலையை ஒத்திருந்தமையே தமக்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதினார். இக்கூற்று பொய்யினும் அச்சந்தருவது. நாள்தோறும் வேண்டுதல் செய்கிறார். தம் உள்ளத்தைத் துருவித் துருவி ஆராய்கிறார். பழிச்சொல், வீண்பேச்சு, சிற்றின்ப நாட்டம் ஆகியவற்றைக் கண்டு வருந்துகிறார். காலடியில் பலகைக்குக் கீழே முனகும் மனிதர் மட்டும் அவர் ஆராய்ச்சிக்குள் வரவில்லை.

வேண்டுதலால் மனம் தெளிகிறது என்பது சமயம் கூறும் உண்மை. எந்தப் பக்கம் விளக்கைப் பிடிக்கிறோமோ அந்தப் பக்கமே தெரியும் என்பது நியூட்டன் வாழ்க்கை கூறும் உண்மை. தனிமையில் நிகழும் தன்னாய்வு, தான் முன்பே குற்றமென்று ஒப்பிய பட்டியலைத் தாண்டிச் செல்வது அரிது. காலம், நாடு, தொழில், வருவாய் ஆகியவை எவற்றைக் குற்றமன்று என்று முன்னரே விலக்கி வைத்தனவோ, அவற்றின்மேல் தனியொருவன் வடிக்கும் கண்ணீர் விழுவதில்லை. தீங்குற்றவனின் குரல் அங்கே நுழைந்தாக வேண்டும். இதனை இயேசு பெருமான் அறிந்தே பேசினார் போலும்! பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் உடன்பிறந்தானுக்கு மனக்குறை உண்டென்று அங்கே நினைவு கூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்கிறார். அங்கே காணிக்கை மறுக்கப்படவில்லை, காத்திருக்க வைக்கப்படுகிறது. இன்னொன்றும் கருதத்தக்கது. ‘உனக்கு அவன்மேல் குறை உண்டானால்’ என்று அவ்விடம் பேசவில்லை. அவனுக்கு உன்மேல் குறை உண்டானால் என்றே பேசுகிறது. அதனை அறிய அவனைக் கேட்டாக வேண்டும்.

நியூட்டன் கேட்கத் தொடங்கியது மிகத் தாமதமாக. 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்னும் சிற்றூரிலும், 1780 முதல் இலண்டனிலும் தொண்டாற்றினார். 1783இல் குவேக்கர் சமயத்தார் அடிமை வணிகத்தை எதிர்த்து நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பம் அளித்தனர். 1785 டிசம்பரில் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்சு மனங்கலங்கி அவரிடம் அறிவுரை நாடி வந்தார். 1787இல் அவ்வணிகத்தை ஒழிப்பதற்கான குழு இலண்டனில் அமைந்தது. 1788இல்தான் நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய தம் எண்ணங்களைச் சிறுநூலாக வெளியிட்டார். புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள்; கடற்பணியை விட்டபின் முப்பத்து நான்கு ஆண்டுகள். நூலடுக்கில் நூல்களை அடுக்குவதுபோல் மனிதர் கப்பலில் அடுக்கப்பட்டதை அதில் எழுதினார். தாமும் அதில் பங்கு கொண்டதை ஒளிக்கவில்லை. தம் அறிக்கை காலங்கடந்து வருகிறது என்பதையும் ஒப்புக்கொண்டார். 1790இல் நாடாளுமன்றக் குழுவின்முன் சான்றும் அளித்தார். இவருக்கு மறுத்துச் சொல்ல வணிகர்க்கு வழியில்லை. பார்த்தவரே பேசினார், செய்தவரே பேசினார். 1789இல் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒலௌடா எக்குவியானோ தம் வாழ்க்கை வரலாற்றை இலண்டனில் வெளியிட்டபோது, எண்ணாக எழுதப்பட்டவர்களின் குரலும் அச்சேறியது.

அப்படியாயின் 1748இல் நிகழ்ந்தது மனந்திரும்புதல் அன்றா? நியூட்டனே பிற்காலத்தில், சொல்லின் முழுப்பொருளில் தாம் அன்று நம்பிக்கையாளர் அல்லர் என்று கருதினார். தொடக்கமும் முழுமையும் வேறு வேறு என்பதை அவர் கண்டுகொண்டார். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்திற் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, சான் பனியனின் 1678ஆம் ஆண்டு நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடி 1894இல் வெளியிட்டார். அக்கதையைப் பாடம் சொல்லுவோர் ஒரு செய்தியைக் கவனித்திருப்பர். பயணியின் முதுகுச்சுமை சிலுவையடியில் கழன்று விழுவது கதையின் முடிவில் அன்று. தொடக்கப் பகுதியிலேயே விழுந்துவிடுகிறது. மேடும் பள்ளமும் சிறையும் ஆறும் பெரும்பாலும் அதற்குப் பின்னரே வருகின்றன. சுமை நீங்கியவனால்தான் அவ்வளவு தொலைவு நடக்க முடியும் என்பது அவ்வமைப்பின் உட்பொருள். 1517இல் மார்ட்டின் லூத்தர் தம் தொண்ணூற்றைந்து கூற்றுகளைத் தொடங்கியபோதும், நம்பிக்கையாளரின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாக இருத்தல் வேண்டும் என்பதையே முதற்கண் வைத்தார்.

எளிதில் கிடைக்கும் மன்னிப்பு மனிதனைத் துணிந்து தவறச் செய்யும் என்னும் குறை பல காலமாகக் கூறப்படுகிறது. அக்குறை வலுவற்றது அன்று. ஞாயிறு வழிபாட்டில் கணக்குத் தீர்ந்ததென்று எண்ணித் திங்கட்கிழமை பழைய தராசையே எடுப்பவர் எல்லாச் சமயத்திலும் உண்டு. அதற்கு மாற்றாக, முதலில் செய்த தீங்கிற்கு ஈடுசெய், பிறகு மன்னிப்பு என்று விதித்தால் என்ன? லூக்கா நற்செய்தியில் வரும் சகேயுவின் கதை இங்கு எண்ணத்தக்கது. எரிகோ நகரத்தின் தலைமை வரிதண்டுவோன்; செல்வன்; ஊரார் வெறுத்தவன்; குள்ளமானவன் ஆதலால் மரத்தில் ஏறி நின்றவன். இயேசு அவனிடம் கணக்குக் கேட்கவில்லை. இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அதன்பின்பே அவன் தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், பொய்யாகப் பறித்ததை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் எழுந்து நின்று சொல்கிறான். வரிசை மாறியிருந்தால், அதாவது நாலத்தனை கொடுத்தபின் விருந்தினர் வந்திருந்தால், அது வாணிகம் ஆகியிருக்கும். விருந்தினர் வந்தபின்னும் பறித்ததை அவன் பெட்டியிலேயே வைத்திருந்தால், அன்று அவ்வீட்டில் நிகழ்ந்தது வெறும் உணவு. மன்னிப்பு விலைக்குக் கிடைப்பதன்று. ஆனால் மன்னிக்கப்பட்டவனின் கை மூடியே இருக்குமானால், அவன் எதைப் பெற்றான் என்று கேட்க ஊராருக்கு உரிமை உண்டு.

தனிமனிதருக்குப் பொருந்துவது நாடுகளுக்கும் பொருந்துமா? பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடுத்தது; 1833இல் அடிமை முறையையே தன் குடியேற்ற நாடுகளில் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின்படி இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. பெற்றவர் யார்? அடிமைகளை உடைமையாக வைத்திருந்த முதலாளிகள். அடிமைப்பட்டிருந்தோர்க்கு ஒரு காசும் இல்லை. பயிற்சித் தொழிலாளர் என்னும் பெயரில் பலர் 1838 வரை பழைய முதலாளியிடமே உழைக்க வேண்டியும் இருந்தது. சகேயு ஊராரை அழைத்து, தான் பறித்ததற்காகத் தனக்கே நாலத்தனை வாங்கிக்கொண்டதைப் போன்றது இது. கரும்புத் தோட்டங்களோ கைகளுக்குக் காத்திருந்தன. 1834 முதல் மொரீசியசுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் திரளாகக் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவின் வெல்லஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர் ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்டனர். மலாயாவைப் பொறுத்தவரை அம்முறை 1910இல்தான் நிறுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறையை அடிமைமுறை என்றே சொல்லிவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒன்றின் காலி இடத்தை மற்றொன்று நிரப்பிற்று என்பதை மறுப்பதும் பொருந்தாது. இந்நாட்டுத் தமிழரின் பாட்டன் பூட்டன் கதையில் ஒரு பகுதி, பாதியில் நின்றுபோன அந்த மனந்திரும்புதலின் விளைவு.

ஈடுசெய்ய ஆள் இருக்கும்போது செய்யாமை ஒன்று. ஆளே இல்லாதபோது செய்ய இயலாமை மற்றொன்று. இரண்டாவதற்கு எவரிடமும் எளிய விடை இல்லை. உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்வித்த தாவீது மன்னன், நாத்தான் இறைவாக்கினரால் இடித்துரைக்கப்பட்டுத் தன் பாவத்தை உணர்ந்தான். அவன் பாடியதாக வழங்கும் 51ஆம் திருப்பாடலில், இறைவனுக்கு எதிராக மட்டுமே தான் பாவம் செய்ததாகச் சொல்லும் பகுதி உண்டு. உரியாவுக்கு எதிராக இல்லையா என்று படிப்பவர் உள்ளம் துடிக்கும். துடிக்கவே வேண்டும். செத்தவனிடம் மன்னிப்புக் கேட்க இயலாது; அவனுக்காகக் கேட்கவல்லவர், அவனைப் படைத்தவர் ஒருவரே என்பதால் அவ்வாறு பாடினான் என்று அமைதி கூறலாம். அவ்வமைதி ஓரளவே அமைதி தருகிறது. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் மனம் மாறிய அகுஸ்தினார், தம் சிறுவயதில் பேரிக்காய் திருடியதைக்கூடத் தம் அறிக்கை நூலில் பக்கம் பக்கமாக ஆராய்ந்தவர். பல ஆண்டுகள் தம்மோடு வாழ்ந்து, தமக்கு மகனையும் பெற்றுத் தந்து, தகுதியான திருமணம் ஒன்றின் பொருட்டு ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. அவள் மானத்தைக் காக்கவே எழுதவில்லை என்று கூறுவாரும் உளர். இருக்கலாம். பேரிக்காய் மரத்திற்கு உரியவன் இழந்ததைவிட அவள் இழந்தது பெரிது.

இவ்வளவும் கண்டபின், வேண்டுதலுக்கு இதில் எஞ்சும் இடம் யாது? தன் குற்றத்தை முழுமையாகப் பார்க்க மனிதனுக்குத் துணிவு வேண்டும். மன்னிப்புக் கிடைக்காது என்று நம்புகிறவன் முழுமையாகப் பார்க்க மாட்டான். பார்த்தால் பாண்டியனைப்போல் சாவான், யூதாசைப்போல் நான்றுகொள்வான், இல்லையேல் சாக்குகளைத் தேடி ஓடுவான். கேட்பவர் ஒருவர் இருக்கிறார், கேட்டபின்னும் கைவிடமாட்டார் என்னும் நம்பிக்கையில் பேசுகிறவனே தன் கணக்கேட்டின் கடைசிப் பக்கம் வரை புரட்டத் துணிவான். வேண்டுதல் தருவது அந்தத் துணிவை. அது கணக்கேட்டைக் கிழித்துத் தருவதில்லை. நியூட்டன் நாற்பது ஆண்டுகளாகப் புரட்டிக்கொண்டே இருந்தார் என்பதையும், அதனால்தான் 1788இல் அந்தப் பக்கத்திற்கு வந்து சேர்ந்தார் என்பதையும் அவர் பொருட்டுச் சொல்லியாக வேண்டும். வேண்டுதலே இல்லாத கப்பல் தலைவர் பலர் அப்பக்கத்திற்கு வரவேயில்லை. அவர் வந்து சேர்வதற்குள் அப்பயணங்களில் கடலில் வீசப்பட்டவர்க்கு அவரது அறிக்கையால் பயன் ஒன்றும் இல்லாமற் போயிற்று என்பதையும் அவர்கள் பொருட்டுச் சொல்லியாக வேண்டும்.

அடிமை வணிகத் தடைச்சட்டம் 1807 மார்ச் 25ஆம் நாள் அரச ஒப்புதல் பெற்றது. கண்பார்வை மங்கி, நினைவும் தளர்ந்திருந்த நியூட்டன் அதனைக் காணும் அளவு வாழ்ந்து, அவ்வாண்டு டிசம்பர் 21இல் மறைந்தார். தம் நினைவுக் கல்லில் பொறிக்க வேண்டியதை அவரே முன்னதாக எழுதி வைத்திருந்தார். முன்பு இறைமறுப்பாளனும் ஒழுக்கங்கெட்டவனும் ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஏவலனுமாய் இருந்த தம்மை, இறைவன் தம் இரக்கத்தால் காத்து, மீட்டு, மன்னித்து, தாம் அழிக்க முயன்ற நம்பிக்கையையே பரப்ப அமர்த்தினார் என்பது அதன் கருத்து. ஆப்பிரிக்காவில் தாம் பட்ட அடிமைத்தனம் அதில் இருக்கிறது. மூன்று பயணங்களின் கப்பல் தலைவர் அதில் இல்லை.